பட்டாசு ஊர்ல ஒரு சூழலியல் படிப்பு

எங்க பக்கம், அதாவது சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துல, ஏதாவது ஒரு டீக்கடையில நின்னுக்கிட்டு 'சுற்றுச்சூழல்'னு கொஞ்சம் சத்தமாச் சொல்லிப் பாருங்க. நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. நீங்க வெளியூர்னு அப்பவே முடிவாயிடும். வக்கீலா, டிவிக்காரரா, இல்ல டெல்லியில இருந்து வந்த ஆளான்னு அடுத்து யோசிப்பாங்க. மத்த ஊர்ல அந்த வார்த்தைக்கு மரம் நடுற, துணிப்பை தூக்குற நல்ல பிள்ளை முகம் இருக்கு. எங்க ஊர்ல அது கோர்ட்டுக் கட்டு.

காரணம் இல்லாம இல்லை. 2015-ல டெல்லியில மூணு கைக்குழந்தைங்க பேர்ல பட்டாசுக்கு எதிரா உச்ச நீதிமன்றத்துல வழக்குப் போட்டாங்க. 2018 அக்டோபர் 23-ல தீர்ப்பு வந்துச்சு. பேரியம் உப்பு கலக்கக் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான், தீபாவளி அன்னைக்கு வெடிக்க ரெண்டு மணி நேரம்தான். (தமிழ்நாட்டுல அதைக் காலையில 6-ல இருந்து 7, சாயங்காலம் 7-ல இருந்து 8-ன்னு பிரிச்சுக் குடுத்தாங்க.) பேரியம் இல்லைன்னா பச்சை நிறம் இல்லைங்கிறதைவிட, எங்க ஊர்ல பாதி அயிட்டம் இல்லைன்னு அர்த்தம். அந்த வருஷக் கடைசியில ஆலைகள் மாசக்கணக்கா மூடிக் கிடந்துச்சு.

அப்ப என் பெரியம்மா பேத்தி, அதாவது அக்கா மக, ஆறாவது படிச்சுக்கிட்டு இருந்தா. மச்சான் ஒரு பட்டாசு ஆலையில போர்மேன். அந்த மாசங்கள்ல அவங்க வீட்டுல என்னென்ன அடகுக்குப் போச்சுன்னு நான் எழுத வேண்டாம். 'சுற்றுச்சூழல்'ங்கிற வார்த்தை அந்தப் பிள்ளை காதுல முதல்ல விழுந்தது அப்பாவுக்கு வேலை இல்லாத நாட்கள்ல. அவதான் 2025 மே மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் எனக்குப் போன் பண்ணி, "மாமா, சூழலியல் டிகிரி எங்க படிக்கலாம்?"னு கேட்டா.

நான் ஈசிஇ படிச்சுட்டு, படிச்சதுக்குச் சம்பந்தமே இல்லாம சென்னையில உக்காந்து ஜாவா தட்டுற ஆள். எங்க குடும்பத்துல யாருக்கு என்ன படிப்புச் சந்தேகம்னாலும் எனக்குத்தான் போன் வரும். கம்ப்யூட்டர் தெரிஞ்சவனுக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நம்பிக்கை. சரி, தேடிச் சொல்றேன்னு ஆரம்பிச்சேன். ரெண்டு வாரம் போச்சு. தேடினதுல சேர்ந்ததைத்தான் இங்க எழுதுறேன். யாராவது ஒரு பிள்ளைக்கு உதவும்.

முதல்ல வார்த்தைக் கணக்கைத் தீர்த்துக்குவோம். சுற்றுச்சூழல் வேற, சூழலியல் வேற. இன்ஜினியரிங் படிச்ச எல்லாரும் சுற்றுச்சூழல் அறிவியல்னு ஒரு பேப்பர் எழுதியிருப்போம். டிகிரி படிக்கிற எல்லாப் பிள்ளைங்களுக்கும் அது கட்டாயம்னு உச்ச நீதிமன்றமே சொன்னது, எம்.சி. மேத்தா போட்ட வழக்குல 1991-ல உத்தரவு, 2003-ல மறுபடியும் அழுத்திச் சொன்னப்புறம்தான் யூஜிசி பாடத்திட்டம் போட்டுச்சு. நல்ல நோக்கம்தான். ஆனா கைக்கு வந்து சேர்றப்ப அது அமில மழை, ஓசோன் ஓட்டை, ஆறு வகை மாசுன்னு ஒரு வாய்ப்பாடா மாறிடுது. மனுஷன் எதைக் கெடுத்தான், அதுக்கு எந்தச் சட்டம். அவ்வளவுதான்.

சூழலியல் ஒரு அறிவியல். 1866-ல எர்ன்ஸ்ட் ஹெக்கல்னு ஒரு ஜெர்மன்காரர் வச்ச பேரு. கிரேக்கத்துல வீடுங்கிற சொல்லுல இருந்து எடுத்தது. எந்த உயிர் எங்க இருக்கு, எத்தனை இருக்கு, ஏன் அங்க இருக்கு, ஏன் இங்க இல்லை. இந்த நாலு கேள்விதான் மொத்தப் படிப்பும். இதுல யாரையும் திட்ட வேண்டியதே இல்லை. எண்ண வேண்டியதுதான் நிறைய.

இப்ப எங்க படிக்கிறதுங்கிற மேட்டர். எங்க ஜில்லாவுல 'இளநிலை சூழலியல்'னு போர்டு போட்டு ஒரு சீட்டும் என் கண்ணுல படலை. தமிழ்நாட்டுல பக்கத்துல வர்றதுன்னா மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில நாலு வருஷ வனவியல் பட்டம் இருக்கு. வேளாண் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வருது, போட்டி அதிகம். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில காட்டுயிர் உயிரியல் சொல்லித் தர்றாங்க. மத்ததெல்லாம் மேல்படிப்புலதான் ஆரம்பிக்குது. மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல்ல ஏவிசி கல்லூரி எம்.எஸ்சி. காட்டுயிர் உயிரியல், பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்துல எம்.எஸ்சி. சூழலியல், பெங்களூர்ல என்சிபிஎஸ், டேராடூன்ல இந்தியக் காட்டுயிர் நிறுவனம். இதுக்கெல்லாம் உள்ள போக முதல் டிகிரி விலங்கியல், தாவரவியல் மாதிரி ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும். ஆக, விருதுநகர்லயும் சிவகாசியிலயும் ராஜபாளையத்துலயும் இருக்கிற பழைய கலைக் கல்லூரிங்கதான் வாசல்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. இந்திய வனப்பணித் தேர்வு எழுத சில பாடங்கள்ல டிகிரி இருக்கணும்னு ஒரு பட்டியல் வச்சிருக்காங்க. விலங்கியல் இருக்கு, தாவரவியல் இருக்கு, புள்ளியியல் இருக்கு, வேதியியல் இருக்கு, இன்ஜினியரிங்கூட இருக்கு. சூழலியல்ங்கிற பேரு அதுல இல்லை! கவர்ச்சியான பேரு வச்ச படிப்பைத் தேடிப் பணம் கட்டி, கடைசியில விண்ணப்பத்துல பாடத்துப் பேரு இல்லைன்னு நிக்கிறதுக்கு, பி.எஸ்சி. விலங்கியல்ங்கிற பழைய பேரே தேவலாம். இதை மச்சான்கிட்ட சொன்னப்பதான் அவர் முகம் முதல் தடவை கொஞ்சம் இளகுச்சு. "அப்ப கவர்மென்ட் வேலை இருக்கு?" "பரீட்சை எழுதலாம் மச்சான்." "அதைத்தான் மாப்ள கேக்குறேன்."

ஆனா அவளுக்கு நான் சொன்னது வேற ஒரு ஆளோட கதை. இது எங்க ஊர்லயே நிறைய பேருக்குத் தெரியாது.

சிவகாசியில அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி இருக்குல்ல, 1963-ல ஆரம்பிச்சது. 1970-கள் முன்பகுதியில அங்க விலங்கியல் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். நாங்குநேரிக்காரர், 1945-ல பொறந்தவர். அப்பா அம்மா ரெண்டு பேரும் வாத்தியார். சின்ன வயசுல ஜிம் கார்பெட் புத்தகம் படிச்சுக் காட்டுப் பைத்தியம் பிடிச்சவர். சிவகாசியில இருந்து மேற்கே பார்த்தா வானம் தெளிவா இருக்கிற அன்னைக்கு மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் இருபது கிலோமீட்டர்தான். பட்டாசும் காலண்டரும் அச்சடிக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு அந்த மலையையே பார்த்துக்கிட்டு இருந்த ஒரு லெக்சரர்.

அவர் 1976-ல பந்திப்பூருக்குப் போனார். எதுக்கு? செந்நாயைப் பார்க்க. புலி இல்லை, யானை இல்லை, செந்நாய். ஒரு காலத்துல அதைக் கொல்றவங்களுக்குச் சன்மானம் குடுத்தாங்க. மானைத் தின்னுத் தீர்க்குற திருட்டு நாய்னு வெள்ளைக்காரனும் நம்ம ஆளும் சேர்ந்தே சுட்டுத் தள்ளினாங்க. இவர் ரெண்டு வருஷம் நடந்தே அதுங்க பின்னாடி போனார். எங்க படுக்குது, எப்படிக் கூட்டமா வேட்டையாடுது, குட்டிக்கு எப்படிக் கறி கொண்டு வந்து கக்கிக் குடுக்குது, எச்சத்துல எந்த மிருகத்தோட முடி கிடக்குது. எச்சத்தைக் கழுவி முடியைப் பிரிச்சு எண்ணுறதுதாங்க ஆராய்ச்சி. காட்டுல தன் போக்குல அலையுற ஒரு பெரிய பாலூட்டியை இந்தியர் ஒருத்தர் முறையா ஆராய்ஞ்சது அதுதான் முதல்னு அந்தத் துறையில சொல்றாங்க.

அப்புறம் அமெரிக்கா போய் ஸ்மித்சோனியன்ல இருந்தார், திரும்பி வந்தார், 1985-ல டேராடூன் நிறுவனத்துல சேர்ந்து 2005 வரைக்கும் இருபது வருஷம் பாடம் நடத்தினார். இன்னைக்கு நாட்டுல புலி எண்ணுறவங்க, யானை எண்ணுறவங்கள்ல பெரிய பங்கு அவர்கிட்ட படிச்சவங்க, இல்லைன்னா அவர்கிட்ட படிச்சவங்ககிட்ட படிச்சவங்க. 2024 ஜூன்ல காலமானார்.

நான் அவகிட்ட சொன்னது இதுதான். அவர் பந்திப்பூர் போனப்ப இந்தியாவுல காட்டுயிர் நிறுவனமே கிடையாது. அது வந்தது 1982-ல. சூழலியல் டிகிரி வாங்கிட்டு அவர் காட்டுக்குப் போகலை. விலங்கியல் படிச்சார், சிவகாசியில வேலை பார்த்தார், மலையைப் பார்த்தார், போனார்.

அவர் மாணவர் ஜோஷ்வாவும் அவரும் சேர்ந்து எங்க மலையிலயே ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. சாம்பல் நிற மலை அணில் மேல. வால் நுனி வரைக்கும் அளந்தா கிட்டத்தட்ட ஒரு பூனை நீளம் இருக்கும் அந்த அணில். தரைக்கு இறங்காம மரத்துக்கு மரம் தாவித்தான் போகும். கிளையும் கிளையும் தொட்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு உலகம். நடுவுல நாலு மரத்தை வெட்டி மாந்தோப்புக்கு வழி விட்டா, நமக்கு அது பாதை, அணிலுக்கு அது சமுத்திரம். அந்த அணிலுக்காகத்தான் 1988-ல ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் வந்துச்சு. 2021-ல மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கிட்டாங்க. நான் ஸ்கூல் படிச்சப்ப அங்க டூர் போனோம். அணிலைக் காட்டி 'அரிய வகை'ன்னு சொன்னாங்க. ஏன் அரிதுன்னு ஒருத்தரும் சொல்லலை.

சரி, மூணு வருஷம் உக்காந்து என்னதான் படிப்பாங்க? பாடத்திட்டத்தை இறக்கிப் பார்த்தேன். முதல் வருஷம் முதுகெலும்பில்லாதவை, செல் உயிரியல், ரெக்கார்டு நோட்டு, படம் வரைஞ்சு பாகங்களைக் குறி. (2014-ல யூஜிசி விலங்குகளை அறுக்கிறதை நிறுத்தச் சொன்னதுல தவளைங்க தப்பிச்சுது. பென்சில் தப்பிக்கலை.) சூழலியல் ஒரு பேப்பரா பின்னாடிதான் வருது. ஆனா அந்த ஒரு பேப்பர்ல இருக்கிற விஷயம் இருக்கே, ஒரு சாப்ட்வேர்காரனுக்கு அது விருந்து.

உதாரணத்துக்கு, கண்மாயில எத்தனை மீன் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? தண்ணியை இறைக்காம. முதல் நாள் வலை போட்டு 50 ஜிலேபிக் கெண்டை பிடிக்கிறோம். துடுப்புல சின்னதா அடையாளம் வச்சுத் திரும்ப விட்டுடுறோம். ஒரு வாரம் கழிச்சு மறுபடி வலை. இப்ப 60 மீன் கிடைக்குது. அதுல 12-ல நம்ம அடையாளம். அதாவது அஞ்சுல ஒண்ணு. அப்படின்னா நாம முதல்ல விட்ட 50 மொத்தக் கண்மாயில அஞ்சுல ஒரு பங்கு. மொத்தம் 250. இவ்வளவுதான் கணக்கு. இதுக்குள்ள எத்தனை 'ஆனா' இருக்குன்னு யோசிக்கிறதுதான் படிப்பு. அந்த ஒரு வாரத்துல மீன் செத்தா? அடையாளம் வச்ச மீன் வலையைப் பார்த்து உஷாரானா? மடை திறந்து தண்ணியோட போயிட்டா? ஒவ்வொரு 'ஆனா'வும் எண்ணை எந்தப் பக்கம் தள்ளும்? எங்க டெஸ்டிங் டீம்ல இதே மூளைதான் வேணும்.

இன்னொண்ணு கேளுங்க. ஈசிஇ-யில தகவல் கோட்பாடுன்னு ஒரு பேப்பர். கிளாட் ஷேனன் 1948-ல எழுதினது. டெலிபோன் கம்பியில எவ்வளவு சேதி போகும்னு அளக்குற ஃபார்முலா. ஒவ்வொரு எழுத்தும் வர்ற வாய்ப்பை அதோட மடக்கையால பெருக்கிக் கூட்டி, முன்னாடி ஒரு கழித்தல் குறி போட்டா வர்ற எண். பரீட்சைக்கு அதை நாங்க மனப்பாடம் பண்ணினோம். அக்கா மகளோட சூழலியல் புத்தகத்தைப் பிரிச்சா, அதே ஃபார்முலா உக்காந்திருக்கு! எழுத்துக்குப் பதில் பறவை.

ரெண்டு கண்மாய்னு வச்சுக்குங்க. ரெண்டுலயும் 100 பறவை, ரெண்டுலயும் அஞ்சு இனம். முதல் கண்மாயில ஒவ்வொண்ணும் 20. ரெண்டாவதுல 96 நாமக்கோழி, மத்த நாலும் ஒவ்வொண்ணு. 'அஞ்சு இனம், நூறு பறவை'ன்னு அறிக்கை எழுதினா ரெண்டும் ஒண்ணுதான். ஷேனன் எண் போட்டா முதல் கண்மாய்க்கு 1.61, ரெண்டாவதுக்கு 0.22. அடுத்து வந்து உக்காரப் போற பறவை எதுன்னு உங்களால ஊகிக்க முடியாத கண்மாய்தான் வளமான கண்மாய். எனக்கு நாலு வருஷம் புரியாத ஃபார்முலா ஒரு நாமக்கோழியால புரிஞ்சுபோச்சு. அன்னைக்கு ராத்திரியே அவளுக்கு 'ஆர்' மென்பொருளை லேப்டாப்புல ஏத்திக் குடுத்தேன். காசு கிடையாது, நியூசிலாந்துல ரெண்டு புள்ளியியல் வாத்தியார்கள் ஆரம்பிச்சது, உலகம் பூரா சூழலியல்காரங்க அதுலதான் கணக்குப் போடுறாங்க.

"மழையே இல்லாத ஊர்ல என்னத்தை எண்ணுவ?"ன்னு அக்கா கேட்டா. நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கு. மழை குறைவுங்கிறதாலதானே தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் எங்க ஊருக்கு ஒட்டுச்சு. 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தப்ப, காய வைக்கிறதுக்கு வெயிலை மட்டும் விலை குடுத்து வாங்க வேண்டியிருக்கலை. ஆனா காடுன்னா மழைக்காடுதான்னு யார் சொன்னது? கரிசலும் கண்மாயும் முள்ளுக்காடும் ஒரு வாழிடம்தான். சும்மா கிடக்குற நிலம்னு பேரு வச்சது வரி போட்டவங்க.

சீமைக்கருவேலத்தையே எடுத்துக்குங்க. நாங்க வேலிக்கருவைன்னு சொல்லுவோம். தென் அமெரிக்கப் பக்கத்து மரம். 2017-ல மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவு போட்டதும் ஜேசிபி எடுத்துக்கிட்டு ஊர் ஊரா இறங்கினாங்க. பிடுங்கின இடத்துல அடுத்த மழைக்கு மறுபடி அதே முளைச்சுது, ஏன்னா ஆடு மாடு நெத்தைத் தின்னு விதையை எருவோட சேர்த்து விதைச்சு வச்சிருக்கு. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்க எங்க ஜில்லாவுல எத்தனையோ. அதுல கூடு கட்டுற கொக்கும் இருக்கு. அதுக்கடியில முளைக்காமப் போன புல்லும் இருக்கு. 'நல்ல மரமா கெட்ட மரமா'ங்கிறது பட்டிமன்றம். எதை எடுத்தா எது வரும், எவ்வளவு நாள்ல வரும், யார் சோறு போகும்ங்கிறது சூழலியல். எங்க ஊருக்கு ரெண்டாவது ஆள்தான் தேவை.

இன்னொரு இடம் இருக்கு, அதை அவதான் எனக்குச் சொன்னா. பட்டாசு ஆலையில ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் நடுவுல இவ்வளவு தூரம் காலி இடம் விடணும்னு வெடிமருந்து விதி. ஒண்ணு வெடிச்சா இன்னொண்ணுக்குப் பரவக் கூடாதுன்னு. விதியை மதிக்காத இடத்துல என்ன ஆகும்னு 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டியில பார்த்தோம். மதிக்கிற ஆலைகள்ல அந்தக் காலி இடம் அப்படியே கிடக்கும். உழ மாட்டாங்க, கட்ட மாட்டாங்க, நெருப்பு வைக்க மாட்டாங்க, வெளியாள் நுழைய மாட்டான். "அப்பா ஆலைக்குள்ள மயில் திரியும் மாமா, கௌதாரி குஞ்சோட போகும்"னா. மருந்து கலக்குற அறைக்குப் பக்கத்துல கௌதாரி! வெடிமருந்துச் சட்டத்தால காப்பாத்தப்பட்ட முள்ளுக்காடுன்னு ஒரு ஆராய்ச்சித் தலைப்பு சும்மா கிடக்கு. யாராவது எடுத்துக்குங்க.

அவ விலங்கியல்ல சேர்ந்துட்டா. பஸ்ல போயிட்டு வர்ற தூரம். அரசுப் பள்ளியில படிச்சவங்கிறதால புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வருது, பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் போக மிச்சத்துல ஒரு பழைய பைனாகுலர் வாங்க உண்டியல் போட்டிருக்கா. சேர்த்த அன்னைக்கு மச்சான் ஒண்ணும் பேசலை. அவர் மனசுல இருந்தது பீஸ் இல்லைன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

2025 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அவ ஒரு திட்டம் வச்சிருந்தா. தீபாவளிக்கு முந்தின வாரமும் அடுத்த வாரமும் ஊர்க் கண்மாயில பறவை எண்ணுறது. நான்தான் முன்னாடியே ஒரு கட்டுரையைப் பத்திச் சொல்லியிருந்தேன். நெதர்லாந்துல மழை பார்க்குற ரேடாரை வச்சு, புத்தாண்டு வாணவேடிக்கைக்குப் பறவைங்க என்ன பண்ணுதுன்னு பார்த்தாங்க, 2011-ல வெளியாச்சு. நடுராத்திரி பன்னிரண்டு அடிச்ச கொஞ்ச நேரத்துல ஆயிரக்கணக்குல பறவைங்க எழும்பி, 500 மீட்டர் உயரம் வரைக்கும் போய்ச் சுத்துச்சாம். மூணு வருஷமும் அதே கதை.

நம்ம பக்கத்துலயே ரேடார் இல்லாமக் கண்டுபிடிச்ச ஊர் இருக்கு. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கத்துல வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி. 1977-ல பறவைகள் சரணாலயம் ஆச்சு. ஐப்பசியில நத்தைகுத்தி நாரையும் வக்காவும் வந்து கூடு கட்டுற நேரத்துலதான் தீபாவளி வருதுங்கிறதால, அந்த ஊர்க்காரங்க வெடியே வெடிக்கிறதில்லை. பல வருஷமா. எந்தக் கோர்ட்டும் சொல்லலை. கூந்தன்குளத்துலயும் இதே கட்டுப்பாடு உண்டு. இதை நான் மச்சான்கிட்ட சொன்னப்ப, "நல்ல சனங்கதான். அவங்க வாங்கலைன்னா நமக்கு ஒண்ணும் நட்டமில்லை"ன்னு சிரிச்சார்.

அவ திட்டத்தைக் கேட்டப்ப சிரிக்கலை. அன்னைக்கு அவர் பேசினதுதான் எனக்கு இன்னமும் காதுல கேக்குது.

"நீ எண்ணுவ. எழுதுவ. வெடிச்சதுக்கு அப்புறம் பறவை குறைஞ்சுபோச்சுன்னு வரும். எவனாவது அதை எடுத்துக்கிட்டுப் போய் டெல்லியில காட்டுனான்னா? போர்மேன் மகளே சொல்றான்னு சொல்லுவான்ல?"

அக்கா அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்தா. நான் என்னமோ டேட்டான்னு ஆரம்பிச்சேன், மச்சான் கையைக் காட்டி நிறுத்திட்டார். அவ கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தா.

"குறையலைன்னாலும் எழுதுவேன்பா"ன்னா.

"குறைஞ்சா?"

"குறைஞ்சாலும்தான். அவங்க எண்ணுறது டெல்லிப் புகையை. நம்ம கண்மாயை யாரும் வந்து எண்ணலை. நாம எண்ணலைன்னா அவங்க சொல்றதுதானப்பா கணக்கு."

மச்சான் கை கழுவ எந்திரிச்சுப் போயிட்டார். ஒத்துக்கிட்டாரான்னு எனக்குத் தெரியாது. நான் அந்த இடத்துல இருந்தா ஒத்துக்குவேனான்னும் தெரியாது. டெல்லிக் குழந்தைங்க நுரையீரலும் உண்மை, ஆறாவது படிச்ச பிள்ளை பார்த்த அடகுச் சீட்டும் உண்மை. ரெண்டையும் ஒரே தராசுல வைக்கிற ஃபார்முலா ஷேனன்கிட்ட இல்லை.

மறுநாள் விடியக்காலை அஞ்சரைக்கு வண்டிச் சத்தம் கேட்டு எந்திரிச்சேன். மச்சான் டிவிஎஸ் எக்ஸ்எல்லை உதைச்சுக்கிட்டு இருந்தார். பின்னாடி அவ, கழுத்துல யார்கிட்டயோ இரவல் வாங்கின பைனாகுலர், கையில ரெக்கார்டு நோட்டு. கண்மாய்க் கரையில நாய்ங்க அதிகமாம், பொம்பளைப் பிள்ளையைத் தனியா விட முடியாதாம். அதுக்கப்புறம் எண்ணின எல்லா நாளும் அவர்தான் கூட்டிக்கிட்டுப் போயிருக்கார். கரையில உக்காந்து பீடி குடிப்பாராம். நாலாவது நாள், "அந்தா வலது பக்கம் நாணல்ல ஒண்ணு இருக்கு பாரு, அதை எழுதலை நீ"ன்னு சொன்னாராம். முக்குளிப்பான். அது அவ கணக்குல விட்டுப்போன பறவைதான்.

எண்ணி முடிச்சாச்சு. முடிவு? சொல்ல முடியாதுன்னு அவளே சொல்லிட்டா, எனக்கு அதுல பெருமை. ஐப்பசியில மழை வந்து தண்ணி ஏறுது, வலசை வாத்துங்க அந்த நேரத்துலதான் வந்து சேருது, நடுவுல வெடி. எது எதால ஆச்சுன்னு ஒரு வருஷக் கணக்கை வச்சுப் பிரிக்க முடியாது. வெடிச் சத்தம் கேக்காத இன்னொரு கண்மாயையும் அதே நாட்கள்ல எண்ணணும், ரெண்டையும் பல வருஷம் எண்ணணும். அடுத்த தீபாவளிக்கு ஊரை விட்டு விலகி ஒரு கண்மாய் பார்த்து வச்சிருக்கா. அதுக்கு முன்னாடி பொங்கல் சமயத்துல தமிழ்நாடு பூரா நடக்குற பறவைக் கணக்கெடுப்பு இருக்கு. 2015-ல இருந்து நடக்குது, கால் மணி நேரம் எண்ணி ஈபேர்ட்ல ஏத்தினாப் போதும், யார் வேணும்னாலும் சேரலாம். எங்க வீட்டுல இருந்து மூணு பேர்.

படிக்கிறதுக்கு அவளுக்கு மா. கிருஷ்ணனும் தியடோர் பாஸ்கரனும் வாங்கி அனுப்பியிருக்கேன். தமிழ்லயே இவ்வளவு இருக்குன்னு அவளுக்கு ஆச்சரியம். பாஸ்கரன் தபால் துறை அதிகாரியா இருந்தவர்னு சொன்னேன், மச்சானுக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

இப்ப உங்ககிட்ட ஒரு உதவி. அவளுக்குப் பழைய எண்கள் வேணும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பக்கத்துக் கண்மாய்கள்ல எந்த வருஷமாவது பறவை எண்ணி எழுதி வச்ச நோட்டு, டைரி, காலேஜ் புராஜெக்ட்டு, எது இருந்தாலும் பரவாயில்லை. 'ரெண்டாயிரத்து அஞ்சுல நிறைய கூழைக்கடா வந்துச்சு'ங்கிற மாதிரி ஞாபகமா இருந்தாலும் சொல்லுங்க, எந்தக் கண்மாய், எந்த மாசம்னு மட்டும் சேர்த்துச் சொல்லுங்க. தேதி தெரிஞ்சா இன்னும் நல்லது.